பார்வை வாத்து ஒரு பக்கம் சாய்கிறது, கழுத்தடியில் வெடிப்பு: எங்கே தவறு?

மிதவை
திங்கள், இரவு 9.12

வணக்கம். மல்லார்ட் ஆண் வாத்து. காட்டு வாத்துகளை இழுக்கத் தண்ணீரில் மிதக்கவிடுகிற டெகாய் (பார்வை வாத்து), அலமாரி பொம்மை இல்லை. விவரம் இது:

கடையில் வாங்கிய பைன் கட்டை, 4 அங்குலக் கனம், ஒரே துண்டு. உடல் நீளம் 15 அங்குலம், அகலம் 6½. உள்ளே குடையவில்லை. தலை தனித்துண்டு, அடியிலிருந்து ஒரே நீள ஸ்க்ரூவும் எபாக்ஸியும். வயிற்றில் நடுக்கோட்டின் மேல் 4 அவுன்ஸ் ஈயத் தகடு. பிரைமர் ஒரு கை, மேலே அக்ரிலிக்.

தொட்டியில் போட்டால் இடப்பக்கம் சாய்கிறது, 10 டிகிரி இருக்கும். குப்புறப் போட்டால் அப்படியே கிடக்கிறது, நிமிர மாட்டேன் என்கிறது. மூன்று வாரத்தில் கழுத்தடியில் ஆரம்பித்து முதுகு வழியாக ஒரு வெடிப்பு. போதாததற்கு வெயிலில் பளபளக்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா, விறகுதானா?


உளிமுனை
திங்கள், இரவு 10.05

நாலு குறைக்கும் நாலு காரணம். வெடிப்பை நான் சொல்கிறேன், மிதப்பதை ஈயக்குண்டு வந்து சொல்வார்.

கட்டையின் வால் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையம் வட்டம் வட்டமாக, நடுப்புள்ளியோடு தெரிகிறதா? தெரிந்தால் அது வெடித்தே தீரும். மரம் காயும்போது வளையத்தோடு ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுமையம் உள்ளே மாட்டிக்கொண்டால் இந்த இரண்டு சுருக்கத்துக்கும் விட்டுக்கொடுக்க இடமில்லை. எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். உங்கள் கட்டையில் பலவீனமான இடம் ஸ்க்ரூ போன துளை. முன்துளை போடாமல் முறுக்கியிருந்தால் ஸ்க்ரூவே ஆப்பு வேலை செய்திருக்கும்.

அடுத்தது ஈரம். 4 அங்குலக் கட்டைக்கு வெளியே காய்ந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. ஈரமானியின் ஊசி மேல் கால் அங்குலத்தைத்தான் படிக்கும். அது 10 என்று காட்டும்போது உள்ளே 20 இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது உள்ளும் புறமும் 12 சதவீதம் அல்லது அதற்குக் கீழ்.

வெடிப்பில் இப்போதே மக்கு (மரப் புட்டி) அடைக்காதீர்கள். மரம் இன்னும் காய்கிறது. மூன்று மாதம் நிழலில் கிடக்கட்டும், வெடிப்பு எவ்வளவு திறக்குமோ திறக்கட்டும். பிறகு அதே மரத்தில் மெல்லிய ஆப்பு சீவி எபாக்ஸி தடவிச் செருகி, மேலே தட்டையாக வெட்டுங்கள். மக்கு மழைக்காலத்தில் மரம் உப்பும்போது பிதுங்கி வெளியே வரும், ஆப்பு மரத்தோடு சேர்ந்து அசையும்.

அடுத்த வாத்துக்கு 2 அங்குலப் பலகை இரண்டு வாங்குங்கள். நடுமையம் இல்லாத பலகையாகப் பொறுக்குங்கள்.


ஈயக்குண்டு
செவ்வாய், காலை 6.40

டெகாய் முதலில் படகு, அப்புறம்தான் வாத்து. தண்ணீருக்கு மேலே பறவை மாதிரி இருந்தால் போதாது, தண்ணீர் மட்டமும் சரியாக இருக்க வேண்டும்.

சாய்வு: ஈயத்தைக் கழற்றிவிட்டு ஒரு முறை மிதக்க விடுங்கள். அப்போதும் இடப்பக்கமே சாய்ந்தால் மரம் அந்தப் பக்கம் கனம். கணு, பிசின் பாய்ந்த இடம், வைரம் (உள்மரம்) ஒரு பக்கமும் வெள்ளை (வெளிமரம்) ஒரு பக்கமும் வந்த கட்டை, எதுவாகவும் இருக்கலாம். நேராக நின்றால் ஈயத்தைப் பொருத்திய இடம் தப்பு. நடுக்கோட்டின் மேல் வைத்ததாகச் சொல்கிறீர்கள். எந்த நடுக்கோடு? வயிற்றை அரத்தால் ராவிய பிறகு கோட்டைத் திரும்பப் போட்டீர்களா? ஒவ்வொரு முறை கோடு அழியும்போதும் கழுத்து நடுவிலிருந்து வால் நுனிக்கு நூல் பிடித்து மறுபடி போட வேண்டும். பாதிப் பேர் இதை விட்டுவிட்டுக் கண்ணளவில் போகிறார்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்த வாத்தானால் கோடு சரியாக இருந்தாலும் சாயும், அலகின் கனம் ஒரு பக்கம் போய்விடுகிறது.

ஈயத்தை அளந்து பொருத்தக் கூடாது, மிதக்கவிட்டுப் பொருத்த வேண்டும். தலை ஒட்டி, பிரைமர் இரண்டு கை அடித்துக் காய்ந்த பிறகு, கடைசிப் பெயிண்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பூச்சில்லாத வெறும் மரத்தைத் தண்ணீரில் போட்டால் நார் எழும்பிவிடும். இரண்டு அகல ரப்பர் வளையத்தை உடலைச் சுற்றிப் போட்டு, வயிற்றுப் பக்கம் ஈயத்தைச் செருகுங்கள். குளியல் தொட்டியில் வைத்து மூக்கு மட்டத்துக்குக் குனிந்து முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். ஈயத்தைக் கால் கால் அங்குலமாக நகர்த்துங்கள். மல்லார்ட், ஊசிவால் வாத்து மாதிரி மேயும் வாத்துக்கு வால் தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். கான்வாஸ்பேக், ஸ்காப் மாதிரி முழுகும் வாத்துக்கு வால் கிட்டத்தட்ட நீர்மட்டத்தைத் தொடும். தலைகீழாகச் செய்தால் தூரத்திலிருந்தே தப்பு தெரியும். சரியான இடம் கிடைத்ததும் ரப்பரோடு தூக்கிப் பென்சிலால் ஈயத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள்.

குப்புறக் கிடப்பது: தட்டை முதுகு, அகல உடல், தாழ்ந்த தலை மூன்றும் சேர்ந்தால் குப்புற நிலையிலும் அது நல்ல படகுதான், அது ஏன் புரள வேண்டும்? முதுகை வளைவாக்குங்கள், அல்லது ஈயத்தைக் கீழே தள்ளுங்கள். 4 அவுன்ஸை வயிற்றோடு ஒட்டி வைப்பதும், 1¼ அங்குல ஆழமுள்ள ஏராவின் (வயிற்றுக்குக் கீழே நீளவாக்கில் நீட்டி நிற்கும் கட்டை) அடியில் வைப்பதும் ஒன்றில்லை. நெம்புகோல் நீளம் கூடும்போது அதே கனம் அதிக வேலை செய்யும்.


பழையசரக்கு
செவ்வாய், காலை 11.30

ஏராதான் ஒரே வழி என்று புதியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு ஊர் விடை வேறு.

மேரிலாந்தில் சஸ்குவஹான்னா ஆறு செசபீக் விரிகுடாவில் சேரும் இடத்தில், ஹேவ்ர் டி கிரேஸ் ஊரில் செய்தவை குடையாத கட்டை, உருண்டை வயிறு, ஏரா கிடையாது, ஈயக்கட்டியை நேராக அடியில் ஆணி அடித்திருப்பார்கள். அகண்ட ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. சின்ன அலைக்கு உருண்டை வயிறு உயிரோடு ஆடும், ஏரா வைத்தது விறைத்து நிற்கும். அங்கே சிங்க்பாக்ஸ் என்று, நீர்மட்டத்துக்குக் கீழே ஆள் படுத்திருக்கும் மிதவைப் பெட்டியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் டெகாய் பரப்புவார்கள். பெட்டியைத் தாழ்த்த வார்ப்பிரும்பு வாத்துகளை அதன் பலகை மேலேயே வைப்பார்கள். நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் யார் குடைந்துகொண்டிருப்பது? சவ அடக்கத் தொழில் நடத்திய மேடிசன் மிட்செல் அந்த ஊர் மரபின் பெரிய பெயர்.

நியூ ஜெர்சியின் பார்னகெட் விரிகுடாவில் ஆள் ஸ்நீக்பாக்ஸ் என்ற சின்னத் தட்டைப் படகில் போவான். சதுப்பில் படகை இழுத்துக்கொண்டு போக வேண்டும், கனம் ஆகாது. அதனால் வெள்ளை சீடர் மரத்தில் இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டினார்கள். ஈயத்தை வயிற்றில் பள்ளம் தோண்டி, வெளியே துருத்தாமல் பதித்தார்கள். இல்லினாய் ஆற்றிலும் குடைந்ததுதான், ஆனால் வயிறு லேசாக வி வடிவம், ஓடும் தண்ணீருக்கு.

1918இல் புலம்பெயர் பறவைச் சட்டம் வந்து வாத்துக்கறிச் சந்தை நின்றது. 1935இல் சிங்க்பாக்ஸையும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை அழைப்பதையும் தடை செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. இன்று மரத்தில் செய்பவருக்கு அவசரம் இல்லை, அதனால்தான் இந்த இழையில் கால் அங்குலத்துக்கு வாதாடிக்கொண்டிருக்கிறோம்.


மிதவை
செவ்வாய், இரவு 8.20

நன்றி. வால் முனையில் நடுமையம் அப்பட்டமாகத் தெரிகிறது. இரண்டு பலகை முறையை உளிமுனை அண்ணா கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? முதலில் குடைவதா, முதலில் வடிவமா?


உளிமுனை
செவ்வாய், இரவு 10.48

வடிவம் முதலில். குடைந்துவிட்டுச் செதுக்கினால் எங்கே சுவர் மெலிந்தது என்று தெரியாமல் உளி உள்ளே இறங்கிவிடும்.

இரண்டு பலகையையும் பசை இல்லாமல் இரண்டு ஸ்க்ரூவால் சேருங்கள். ஸ்க்ரூவை அடியிலிருந்து, பின்னால் குடையப்போகிற நடுப்பகுதியில் போடுங்கள். மேல் பலகையில் அந்தத் துளை குடையும்போது தானே போய்விடும், அடியில் இருக்கும் துளையை மரமுளையால் அடைக்கலாம், அல்லது ஈயம் மறைத்துவிடும். பேண்ட்சாவில் (பட்டை ரம்பம்) முதலில் பக்கவாட்டு உருவம் வெட்டுங்கள். வெட்டி விழுந்த துண்டுகளை எறியாமல் டேப் போட்டுத் திரும்ப ஒட்டினால்தான் மேலே இருக்கிற வரைபடம் கைக்கு வரும், கட்டையும் மேசையில் தட்டையாக உட்காரும். பிறகு மேல் உருவம் வெட்டுங்கள். அதற்கு மேல் கைக்கோடாலி, இழுப்புக்கத்தி, மரஅரம், கடைசியில் 80ஆம் நம்பர் உப்புத்தாள். தண்ணீரில் போடுகிற வாத்துக்கு அதற்கு மேல் வழவழப்பு வேண்டாம்.

இப்போது பிரியுங்கள். ஃபோர்ஸ்ட்னர் பிட்டில் (அடி தட்டையான துளை போடும் பிட்) ஆழம் மீறாமல் தடுக்கும் கட்டை மாட்டி வட்டம் வட்டமாகத் துளை போட்டு, நடுவில் நிற்கிற மேடுகளைக் குழியுளியால் எடுங்கள். சுவர் அரை அங்குலம், அடி கொஞ்சம் கூடுதல். கழுத்து உட்காரும் இடத்துக்குக் கீழே மட்டும் முக்கால் அங்குலத்துக்கு மேல் விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் தலையை உள்ளிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கப்போகிறீர்கள். மூடிய பிறகு அங்கே கை போகாது. தலை, பசை, ஸ்க்ரூ எல்லாம் முடித்துவிட்டுத்தான் அடிப்பாதியை ஒட்ட வேண்டும். ஸ்க்ரூவுக்கு முன்துளை கட்டாயம்.

சுவரின் கனத்தை வெளிச்சத்தில் பார்க்க முடியாது, விரலால் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள், சந்தேகம் வந்தால் வளைகாலிப்பர். வாலில்தான் பெரும்பாலும் ஓட்டை விழும்.

மூடும்போது ஒரு சங்கதி. எபாக்ஸி இறுகுவதற்குள் கட்டையை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து பசைக்கோட்டில் குமிழி தள்ளும். அந்தக் குமிழி பின்னால் தண்ணீர் போகிற வாசல். அடியில் ஊசித்துளை ஒன்று போட்டுவைத்து, இறுகிய பிறகு முளை அடித்து மூடுங்கள். வெள்ளை மரப்பசை வேண்டாம்.

கனக் கணக்கு: நீங்கள் சொன்ன அளவில் குடையாத சீடர் வாத்து ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வரும். அரை அங்குலச் சுவர் விட்டுக் குடைந்தால் கிட்டத்தட்ட பாதி. வெடிப்புக்கும் இதுவே மருந்து, நடுவில் மரம் இல்லை என்றால் இழுத்துப் பிளக்க ஒன்றுமில்லை.


ஈயக்குண்டு
புதன், காலை 6.15

ஒரு சேர்க்கை. குடைந்தது உயரமாக மிதக்கும், காற்று பிடிக்கும். கட்டை வாத்துக்குப் போட்ட ஈயம் இதற்குப் போதாது. 5 அவுன்ஸில் ஆரம்பித்துத் தொட்டியில் பாருங்கள்.

ஈயத்தை உருக்கி ஊற்றுவதானால் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். 327 டிகிரி செல்சியஸில் உருகும். வயிற்றில் தோண்டிய பள்ளத்தில் நேராக ஊற்ற வேண்டாம். மரத்தில் துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். தனி அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, பித்தளை ஸ்க்ரூவால் பொருத்துங்கள். இரும்பு ஸ்க்ரூ உப்புத்தண்ணீரில் துருப்பிடித்து ஈயமே கழன்று விழும். அடுப்பே வேண்டாம் என்றால் கூரைக்குப் போடும் ஈயத்தகட்டை வெட்டி மடித்துச் சுத்தியால் தட்டினால் போதும்.


கோவைத்தச்சன்
புதன், மாலை 4.50

இங்கே கோயம்புத்தூரில் வெள்ளை சீடருக்கு எங்கே போவது? வேட்டைக்கு இல்லை, 1972 சட்டத்துக்குப் பிறகு இங்கே அந்தப் பேச்சே கிடையாது. குளத்துக்கு வருகிற ஊசிவால் வாத்தை மரத்தில், மிதக்கிற மாதிரி செய்ய வேண்டும். வேம்பு சரிப்படுமா?

இன்னொன்று, டெகாய் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோமே, நம்மிடம் சொல் இல்லையா?


பழையசரக்கு
புதன், மாலை 6.02

இழையின் தலைப்பிலேயே இருக்கிறதே தம்பி. பார்வை. வேடன் மற்ற விலங்கையும் பறவையையும் இழுக்கப் பழக்கிக் கட்டிவைக்கிற மானுக்கும் பறவைக்கும் சங்க காலத்திலிருந்தே இந்தப் பெயர். பார்வை விலங்கு என்று அகராதியிலும் உண்டு. மரத்துக்கும் அதுவே பொருந்தும். எழுதும்போது டெகாய் என்றே வந்துவிடுகிறது, அதில் தப்பில்லை.


உளிமுனை
புதன், இரவு 9.30

வேம்பு வேண்டாம். கனம், மிதக்கும்போது பாதிக்கு மேல் உடல் தண்ணீருக்குள் போய்விடும். குடைந்தாலும் சுவரை மிகவும் மெலிக்க வேண்டி வரும்.

குமிழ் பாருங்கள். கனம் நடுத்தரம், காயும்போது அதிகம் சுருங்காது, முறுக்காது, உளிக்கு வெண்ணெய் மாதிரி. மலைவேம்பு இன்னும் லேசு, ஆனால் நார் முரடு, தலை செதுக்கும்போது பிய்யும். கல்யாண முருங்கை நன்றாக மிதக்கும், ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். ஆந்திராவில் கொண்டபள்ளி பொம்மைக்கு எடுக்கிற பொணிக்கி மரம் கிடைத்தால் செதுக்க அதைவிட சுகம் இல்லை, லேசும்கூட. வெளியே மட்டும் நன்றாக சீல் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் போட்டிக்கு அலங்கார வாத்து செய்பவர்கள் டூபலோ மரத்தை நாடுவதன் காரணமும் இதே கணக்குத்தான். சதுப்பில் நிற்கிற மரத்தின் அடிப்பருமன் மேல்தண்டைவிட லேசு, மோட்டார் பிட் ஓட்டினால் நார் பஞ்சு மாதிரி எழும்பாது.

தலைக்கு எந்த மரமானாலும் நார் அலகின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் முறை கீழே விழும்போதே அலகு போய்விடும். ஊசிவாலின் வால் இறகும் அப்படித்தான், அதைத் தனித்துண்டாகச் செய்து செருகுவது நல்லது.


பச்சைத்தலை
வியாழன், காலை 10.10

பளபளப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன்.

மிதவை, நீங்கள் வாங்கியது மேட் அக்ரிலிக்தானா, அதன் மேல் வார்னிஷ் அடித்தீர்களா? மேட் பெயிண்டானாலும் மிக வழவழப்பான மரத்தில் அடித்தால் நனைந்தவுடன் கண்ணாடி மாதிரி ஒளி திருப்பும். உலர்ந்த வாத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, காலை வெயிலில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பழைய ஆட்கள் எண்ணெய் பெயிண்டில் ஆளிவிதை எண்ணெயைக் குறைத்து டர்பென்டைனைக் கூட்டிக் கலப்பதே அந்த மினுக்கைக் கொல்லத்தான். இப்போது இருக்கிற வாத்துக்கு: 120ஆம் நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, மேட் மீடியம் கலந்து இன்னொரு கை, கடைசிக் கையை இழுக்காமல் தூரிகை நுனியால் குத்திக் குத்தி அடியுங்கள். அந்தப் புள்ளிப்புள்ளியான மேடுபள்ளம் ஒளியைச் சிதறடிக்கும். பைன் என்பதால் கணு மேல் ஷெல்லாக் இரண்டு கை போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பிசின் மஞ்சளாக வெளியே வரும்.

மல்லார்ட் ஆணில் எல்லோரும் செய்கிற தப்பு பச்சைத் தலையில். டியூபிலிருந்து நேராகப் பச்சை அடித்தால் மாரியம்மன் கோயில் கிளி மாதிரி இருக்கும். முதலில் பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்த கறுப்பு. அது காய்ந்த பிறகு தண்ணீராகக் கரைத்த தாலோ பச்சை இரண்டு மூன்று மெல்லிய கை. கன்னத்தில் மட்டும் துளி மஞ்சள் சேருங்கள். உச்சந்தலையும் கண்ணோரமும் கறுப்பாகவே இருக்கட்டும். கழுத்தில் வெள்ளை வளையம் முழு வளையம் இல்லை, பிடரியில் விட்டுப்போயிருக்கும். முழுசாகச் சுற்றிவிட்டால் பார்க்கிறவர் ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

விலாவின் சாம்பல் நெளிகோடுகளுக்குச் சீப்பு. இல்லினாய் ஆற்று வாத்துகளில் இதைப் பார்க்கலாம். அங்கே சார்லஸ் பெர்டியூ செதுக்கியதற்கு அவர் மனைவி எட்னாவும், ராபர்ட் எலிஸ்டன் செதுக்கியதற்கு அவர் மனைவி கேத்தரினும் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். வெளிர்சாம்பல் அடிக்கை நன்றாகக் காய வேண்டும். அதன் மேல் அடர்சாம்பல் எண்ணெய் பெயிண்டை மெல்லிசாகப் பூசி, ஈரமாக இருக்கும்போதே சீப்பைத் தோளிலிருந்து விலா நோக்கிக் கொஞ்சம் நடுக்கிய கையோடு ஒரே இழுப்பில் இழுங்கள். பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் பெயிண்ட் குவியும். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துடைக்க வேண்டும். மேல்கை தண்ணியாக இருந்தால் கோடு இரண்டு நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும். கெட்டியாக இருந்தால் வரப்பு வரப்பாக நின்று, காய்ந்ததும் உதிரும். தேங்காயெண்ணெய் பதத்துக்கும் தயிர்ப் பதத்துக்கும் நடுவில் வேண்டும். சீப்பு கடையில் வாங்க வேண்டியதில்லை, காலாவதியான ஏடிஎம் அட்டையில் பல் வெட்டினால் போதும். பல் இடைவெளி சமமாக இருக்கவே கூடாது.

அக்ரிலிக்கில் சீப்பு முயற்சி செய்யாதீர்கள், கை திரும்புவதற்குள் காய்ந்துவிடும். அக்ரிலிக் மேல் எண்ணெய் பெயிண்ட் அடிக்கலாம், மாற்றி அடிக்கக் கூடாது.


மிதவை
வியாழன், மதியம் 1.25

நன்றி அக்கா. வார்னிஷ் அடித்திருக்கிறேன், சாட்டின் (அரைப் பளபளப்பு) என்று போட்டிருந்தது.

கண்: கண்ணாடிக் கண்ணா, வரைந்த கண்ணா? கண்ணாடி வாங்கினேன், இரண்டு பக்கமும் மட்டமாக வரவில்லை.


பச்சைத்தலை
வியாழன், மதியம் 1.40

சாட்டினும் வேண்டாம்.


உளிமுனை
வியாழன், இரவு 9.55

வாத்துக்குக் கண் முக்கியமா என்று கேட்டால் இல்லை, நூறு அடி தூரத்தில் உருவமும் நிறமும்தான். மேசன் என்ற பழைய அமெரிக்க டெகாய்த் தொழிற்சாலையின் வாத்துகளில் மலிவு ரகத்துக்குக் கண்ணை வரைந்திருப்பார்கள், அடுத்ததற்குக் குண்டூசித் தலை, அதற்கு மேல் கண்ணாடி. தண்ணீரில் மூன்றும் ஒரே வேலைதான் செய்தன. செய்கிறவன் மனசுக்குத்தான் கண்ணாடி.

மட்டமாக வர: தலையைச் செதுக்குவதற்கு முன், கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே, டிரில் பிரஸ்ஸில் மெல்லிய பிட்டால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராக ஒரே துளை. பிறகு எவ்வளவு செதுக்கினாலும் இரண்டு கண்ணும் ஒரே அச்சில்தான் இருக்கும். செதுக்கி முடித்ததும் அந்தத் துளையை வழிகாட்டியாக வைத்து இரண்டு பக்கமும் கண் அளவுக்குப் பெரிதாக்குங்கள். மல்லார்டுக்கு 10 மி.மீ., பழுப்பு. சின்ன டீல் வகைகளுக்கு 8 அல்லது 9. கான்வாஸ்பேக் ஆணுக்குச் சிவப்பு, ஸ்காப்புக்கு மஞ்சள். பின்கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, குழியில் எபாக்ஸி மக்கு வைத்துக் கண்ணை அமுக்குங்கள். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கண்ணும் கொஞ்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தை இன்னும் ஆழப்படுத்த வேண்டும், கண்ணை வெளியே இழுக்கக் கூடாது.


கோவைத்தச்சன்
வெள்ளி, காலை 8.05

பழைய டெகாய்களை ஏலத்தில் லட்சக்கணக்கில் எடுக்கிறார்களே, அதெல்லாம் எதைப் பார்த்து?


பழையசரக்கு
வெள்ளி, காலை 11.47

முதலில் பெயிண்ட். செய்தவர் கையால் அடித்த முதல் பெயிண்ட் தேய்ந்துபோய் இருந்தாலும் அதுதான் மதிப்பு. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மேலே ஒரு கை அடித்தால் விலை படுத்துவிடும். அடியில் இருக்கும் முத்திரை அடுத்தது. மசாசூசெட்ஸ் ஈஸ்ட் ஹார்விச்சில் இருந்த எல்மர் க்ரோவெல் நீள்வட்ட முத்திரை போடுவார். 2007இல் அவருடைய இரண்டு டெகாய்கள் தலா 11 லட்சம் டாலருக்கு மேல் போயின. மேரிலாந்தின் கிரிஸ்ஃபீல்டில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த லெம், ஸ்டீவ் வார்டு சகோதரர்கள் தங்களை மரத்தில் காட்டுப்பறவைக் கள்ளநோட்டு அடிப்பவர்கள் என்று பலகை எழுதிவைத்துக்கொண்டவர்கள், அவர்களுடையதும் அந்த வரிசை.

போலி நிறைய. கறுப்பு விளக்கில் (புற ஊதா விளக்கு) புதுப் பெயிண்ட் வேறு மாதிரி ஒளிரும். எக்ஸ்ரேயில் உள்ளே இருக்கிற ஆணியும் குடைவும் தெரியும். கழுத்தைச் சுற்றி அடைத்த மக்கு உதிர்ந்திருப்பது மேசன் வாத்தில் சாதாரணம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. பழைய வாத்து கையில் கிடைத்தால் உப்புத்தாள் போடாதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் உண்டு. தூசி மூக்கில் போகும், மதிப்பும் தூசியோடு போகும்.

பழசு என்று இதையெல்லாம் சொல்கிறோம். 1924இல் நெவாடாவின் லவ்லாக் குகையில் கோரையால் முடைந்து, வண்ணம் பூசி, இறகு கட்டிய கான்வாஸ்பேக் பார்வைகள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 வருடம். மரமே இல்லை, ஈயமும் இல்லை.


மிதவை
ஞாயிறு, மாலை 5.30

அதே கட்டையில்தான், வெடிப்பைத் தொடாமல் ஈயத்தை மட்டும் மாற்றினேன். கழற்றிப் பார்த்தபோது ஈயம் இல்லாமலும் இடப்பக்கமே சாய்ந்தது, அந்தப் பக்கம் பெரிய கணு. ரப்பர் வளைய முறையில் ஈயம் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் முக்கால் அங்குலம் தள்ளி, 5 அவுன்ஸில் நேராக நின்றது. 1¼ அங்குல ஏரா வைத்து ஈயத்தை அதன் அடியில் பொருத்திய பிறகு பத்து முறை குப்புற எறிந்ததில் பத்தும் நிமிர்ந்தது.

ஆனால் ஏராவை நடுவில் வைத்தபடியால் ஈயத்தைப் பக்கவாட்டில் தள்ள இடமில்லை, மறுபடி 3 டிகிரி சாய்வு. அடுத்து தூங்குகிற நிலையில், தலையை முதுகில் சாய்த்த பெட்டை செய்ய எண்ணம். அதற்கும் இதே ஏரா போதுமா?


ஈயக்குண்டு
ஞாயிறு, இரவு 7.05

3 டிகிரிக்கு ஏராவைத் தொட வேண்டாம். ஏராவுக்கு வலப்பக்கம், வயிற்றில் விளிம்பை ஒட்டி ஒரு துளை போட்டு ஒரு அவுன்ஸுக்கும் குறைவான ஈயத்துண்டை எபாக்ஸியில் புதையுங்கள். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு சின்ன துண்டு போதும். முதலில் டேப்பில் ஒட்டி மிதக்கவிட்டுப் பாருங்கள்.

தூங்கும் தலைக்குப் போதாது. நிமிர்ந்த தலை குப்புற விழும்போது தண்ணீருக்குள் போய் உடலை மேலே தள்ளுகிறது, பாதிப் புரட்டலை அதுவே செய்துவிடும். சாய்த்த தலையில் அந்த உதவி இல்லை. ஏராவை 1¾ ஆக்குங்கள், முதுகை இன்னும் உருட்டுங்கள். நங்கூரக் கயிற்றை ஏராவின் முன்முனையில், நெஞ்சுக்குக் கீழே கட்டுங்கள். நடுவில் கட்டினால் காற்றுக்கு விலா காட்டிக்கொண்டு நிற்கும், தூங்குகிற வாத்து அப்படி நிற்காது.